படித்ததும் தூங்குங்கள்

மலேசியாவின் கேமரன் மலையில் இரவுக் குளிர் இறங்கும் நேரம். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், தூக்கத்தை விரட்ட இன்னொரு கோப்பை தேநீர் கேட்பார்கள். தேயிலை விளையும் மண்ணிலேயே சொல்கிறோம், கொடுக்காதீர்கள்.

பகலில் படித்ததை மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி முதலில் பிடித்து வைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அதே பாடம் நரம்பணுக்களில் மறுபடி மறுபடி ஓடி, மூளையின் மேற்புறணியில் மெல்ல நிலைகொள்கிறது. 1924இலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் தூக்கம் நினைவைக் காக்கிறதா என்று சோதித்தார்கள். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்த மாணவர்கள், விழித்திருந்தபோது மறந்ததைவிடத் தூங்கி எழுந்தபோது குறைவாகவே மறந்திருந்தார்கள். இத்தனைக்கும் அந்தச் சோதனையில் பங்கேற்றவர்கள் இரண்டே பேர். ஆனாலும் பின்னாளில் வந்த பல ஆய்வுகளும் அதையே உறுதிசெய்தன.

தேநீரிலுள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். மீதமிருக்கும் கஃபீன் அதன் பிறகும் ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுக்கலாம். ஆகவே மாலைத் தேநீரோடு போதும். இரவு 10 மணிக்குப் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் அதே பாடத்தை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடியலில் தோட்ட வேலைக்கான பெரட்டுக்குக் கிளம்பும் அம்மா அப்பாவுக்கும் இந்தத் தேநீர்க் கணக்கு பொருந்தும்.