எட்டுக்கால் குதிரை தெரியும்... நம்ம பாராசாரியைத் தெரியுமா?

நார்ஸ் புராணத்தில் ஸ்லெய்ப்னிர் என்றொரு குதிரை. அதற்குக் கால்கள் எட்டு! தேவர் தலைவன் ஓடினின் வாகனம். வானம், கடல் எங்கும் ஓடும். செத்தவர் உலகத்துக்கே போய்த் திரும்பும். இன்னொரு அதிசயம்: அதை ஈன்றது ஓர் ஆண் தெய்வம்! லோகி என்பவன் பெட்டைக் குதிரையாக உருமாறிப் பெற்ற குட்டியாம். ஐஸ்லாந்தில் லாட வடிவில் வளைந்து கிடக்கும் ஆஸ்பிர்கி பள்ளத்தாக்கே அதன் குளம்படித் தடம் என்கிறது அந்த ஊர்க் கதை.

அசந்துவிட்டீர்களா? நம்ம பக்கத்துக் குதிரைக்குக் கால் நான்குதான். ஆனால் கதை?

★ டில்லி பாதுஷாவின் லாயத்தில் யாருக்கும் அடங்காத முரட்டுக் குதிரை ஒன்று. பெரிய பெரிய வீரர்களெல்லாம் மண்ணைக் கவ்வ, ஓர் இளைஞன் ஏறி அடக்கினான். குதிரை பாராசாரி, இளைஞன் செஞ்சி தேசிங்குராஜன் என்கிறது கதைப்பாடல். உயிர்த்தோழன் மகமத்கானின் குதிரை நீலவேணி!

★ தேசிங்கு கற்பனை மனிதர் அல்ல, தெரியுமா? இயற்பெயர் தேஜ்சிங்; புந்தேல ராஜபுத்திரர். கப்பம் கேட்ட ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சில நூறு குதிரைவீரர்களோடு எதிர்த்தார். 1714 அக்டோபர் 3-ல் களத்தில் மாண்டார். அப்போது வயது 22 என்பார்கள்!

★ நவாப் அமர்ந்திருந்த யானை மீதே குதிரையைப் பாயவிட்டாராம். காலை வெட்டிக் குதிரையை வீழ்த்திய பிறகுதான் எதிரிகளால் அவரை நெருங்க முடிந்ததாம்.

★ அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாக அதே நவாப் பாலாற்றங்கரையில் அமைத்த ஊர் எது? தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன நம்ம ராணிப்பேட்டைதான்!

★ 1960-ல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம், தெரியுமா?

★ பாயும் குதிரையைக் கண்ணால் பார்க்கணுமா? காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூர்க் கோட்டைக்குப் போங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில், முன்னங்கால் தூக்கி நிற்கின்றன கல் குதிரைகள். தேசிங்குக்கும் முந்தைய நாயக்கர் காலச் சிற்பங்கள் அவை!

காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது, சுமார் 25 கி.மீ.யில் வாலாஜா ரோடு வரும். ராணிப்பேட்டைக்கு அங்கேதான் இறங்க வேண்டும். செல்போனைக் கொஞ்சம் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பாராசாரி கதையைச் சொல்லுங்கள்!