துண்டுக் கல்லீரலும் இரத்த வெள்ளமும்

நம் உள்ளுறுப்புகளில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் பழைய எடைக்கு வளரக்கூடியது கல்லீரல். அதனால்தான் உயிருடன் இருப்பவரின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்த முடிகிறது. 1998 நவம்பரில் தில்லி அப்போலோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைக்குத் தந்தையின் கல்லீரல் துண்டு பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று அதுவே. இன்று நம் கல்மண்டபத்துக்கு அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று நடைபெறுகிறது.

குழந்தைக்குச் சிறு துண்டு போதும். பெரியவருக்கு? பெறுபவரின் உடல் எடையில் சுமார் 0.8 விழுக்காடாவது துண்டு இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 480 கிராம். இதற்கும் குறைந்தால் வேலைப்பளு தாங்காமல் துண்டு ஓய்ந்துவிடும் என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை, இரத்தம் மிகுதியாக வந்து சேர்வது!

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தத்தை வாயிற்சிரை (போர்ட்டல் சிரை) கல்லீரலுக்குக் கொண்டு வருகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,100 மில்லிலிட்டர். 1,400 கிராம் கல்லீரலில் இது கிராமுக்கு 0.8 மில்லிலிட்டர். 480 கிராம் துண்டிலோ கிராமுக்கு 2.3. குடல் தன் இரத்தத்தைக் குறைத்துக்கொள்வதில்லை, பாதைகள்தாம் குறைந்துவிட்டன. துறைமுகத்துக்குப் போகும் மூன்று சாலைகளில் இரண்டை அடைத்துவிட்டு, எல்லா கன்டெய்னர் லாரிகளையும் கல்மண்டபம் சாலையில் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? இணையாக உள்ள பாதைகள் குறையும்போது மொத்தத் தடை கூடுகிறது. அதே ஓட்டத்துக்கு அழுத்தம் ஏறுகிறது. நுண்ணிய இரத்த வழிகளின் உட்சுவர் கிழிகிறது. கல்லீரல் நோயால் நெடுநாள் அவதிப்பட்டவருக்குக் குடல் நாளங்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும். வெள்ளம் இன்னும் பெரிது.

இன்னொரு விந்தை. வாயிற்சிரையில் ஓட்டம் கூடினால், கல்லீரல் தமனி தானாகவே சுருங்கும். தமனியை விரிய வைக்கும் அடினோசின் என்ற பொருளை மிகுந்த ஓட்டம் அடித்துச் சென்றுவிடுவதே காரணம். பித்தக் குழாய்களுக்கு இரத்தம் தருவது அந்தத் தமனிதான். ஒரு பக்கம் வெள்ளம், மறு பக்கம் வறட்சி!

இங்கேதான் நெருக்கடிக்கால ஹார்மோன்கள் வருகின்றன. அறுவையின்போதும் இரத்த இழப்பின்போதும் அட்ரினலினும் நார் அட்ரினலினும் வாசோப்ரசினும் பெருகுகின்றன. பொருத்திய துண்டின் நரம்புகள் வெட்டப்பட்டவை. ஆனாலும் இரத்தத்தில் வரும் ஹார்மோன் அதை எட்டும். குடலின் சிறு தமனிகளையும் அது சுருக்கும். எவ்வளவு சுருங்கினால் போதும்? பாய்சில் கண்ட விதிப்படி ஓட்டம் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆரம் பத்து விழுக்காடு குறைந்தாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். (இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த விதி இது.)

ஆகவே நெருக்கடி ஹார்மோன் என்றாலே கெடுதல் என்பதில்லை. அளவு மிஞ்சினால் குடலும் சிறுநீரகமும் இரத்தமின்றி வாடும். அளவோடு இருந்தால் வாயிற்சிரைக்கு மடைபோல் உதவும். வாசோப்ரசினின் செயற்கை உறவான டெர்லிப்ரசினைச் சில மருத்துவமனைகளில் இதற்காகவே கொடுக்கிறார்கள். மருந்து போதாவிட்டால் மண்ணீரல் தமனியைக் கட்டி வரத்தைக் குறைப்பதும் உண்டு. டாப்ளர் கருவியால் ஓட்டத்தை அளந்தபடியே இதைச் செய்கிறார்கள். சில வாரங்களில் துண்டு வளர்ந்துவிடும். கிராமுக்குரிய ஓட்டமும் தானாகவே இறங்கும். மருந்து மடை தேவைப்படுவது முதல் சில நாட்களுக்குத்தான்.