டிசம்பர் 9: அவைகள் விரைந்ததும் தயங்கியதும்

புது தில்லி, டிச. 8: பாரீஸில் ஒரு வெடிகுண்டு வீச்சு; தில்லியில் அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டம்; மீண்டும் பாரீஸில் ஓர் உலக உடன்படிக்கை. வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மூன்றுக்கும் தேதி ஒன்றே: டிசம்பர் 9. தேதி பொருந்தியது தற்செயல்தான். ஆனால், மக்கள் பிரதிநிதிகள் எதற்கு விரைகிறார்கள், எதற்குத் தயங்குகிறார்கள் என்ற கேள்வி மூன்றையும் இணைக்கிறது.

மூன்று நாளில் சட்டம்

1893 டிசம்பர் 9-ஆம் தேதி, பிரெஞ்சு மக்களவையின் பார்வையாளர் மாடத்திலிருந்து ஓகுஸ்த் வையான் என்ற அராஜகவாதி குண்டு வீசினார். பலர் காயமுற்றனர்; எவரும் உயிரிழக்கவில்லை. அவை தொடரும் என அறிவித்தார் அவைத் தலைவர் சார்லஸ் துபுய். ஆனால், மூன்றே நாளில், டிசம்பர் 12-ஆம் தேதி, பத்திரிகைச் சுதந்திரத்தைக் குறுக்கும் சட்டம் வந்துவிட்டது. அதைத் தொடர்ந்து மேலும் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. அடுத்த பிப்ரவரியில் வையானின் தலை துண்டிக்கப்பட்டது.

அவரது பெயர் தில்லியிலும் ஒலித்தது. 1929 ஏப்ரல் 8-ஆம் தேதி மத்திய சட்டசபையில் பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியபோது சிதறிய துண்டறிக்கை, வையானை மேற்கோள் காட்டியே தொடங்கியது. அவர்கள் எதிர்த்த பொதுப் பாதுகாப்பு மசோதாவை அவைத் தலைவர் விட்டல்பாய் படேல் அனுமதிக்கவில்லை. ஆயினும், சில நாள்களிலேயே அதை அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார் வைஸ்ராய் இர்வின்.

மூன்றாண்டுப் பொறுமை

அதே கட்டடத்தின் மைய மண்டபத்தில் 1946 டிசம்பர் 9-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை முதன்முறையாகக் கூடியது. முஸ்லிம் லீக் புறக்கணித்த அக்கூட்டத்துக்கு சச்சிதானந்த சின்ஹா தற்காலிகத் தலைமை ஏற்றார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விவாதம் நடந்தது. அளிக்கப்பட்ட 7,635 திருத்தங்களில் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. 1949 நவம்பர் 26-இல் அரசியல் சாசனம் ஏற்கப்பட்டது.

ஆனால், குடியரசு மலர்ந்த மறுமாதமே, 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்ற அதே அவைக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. சென்னை மாகாணத்தில் காவலில் வைக்கப்பட்ட ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஒரு பிரிவைத் தவிர, சட்டம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. ஓராண்டுக்கென வந்த அச்சட்டம், பலமுறை நீட்டிக்கப்பட்டு 1969 இறுதி வரை நீடித்தது.

காத்திருக்கும் கடமை

1948 டிசம்பர் 9-ஆம் தேதி பாரீஸில் கூடிய ஐ.நா. பொதுச் சபை, இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. இதில் இந்தியாவுக்குத் தனிப் பெருமை உண்டு. இனப்படுகொலையைச் சர்வதேசக் குற்றமாக அறிவிக்கக் கோரி 1946-இல் கியூபா, பனாமாவுடன் இணைந்து தீர்மானம் கொணர்ந்த நாடு இந்தியா.

1959-இல் உடன்படிக்கைக்கு இந்தியா முறைப்படி ஒப்புதல் அளித்தது. அதற்கேற்ப உள்நாட்டுச் சட்டம் இயற்றுவது உறுப்பு நாடுகளின் கடமை என்கிறது ஐந்தாவது ஷரத்து. அந்தச் சட்டம் வரவில்லை. 1984-ஆம் ஆண்டு சீக்கியர் படுகொலை வழக்கில் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த தில்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலை நம் குற்றவியல் சட்டத்தில் இடம்பெறாததைச் சுட்டிக்காட்டி, இக்குறையை அவசரமாகக் களைய வேண்டும் என்றது. ஐந்தாண்டுகளுக்குப் பின், இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்குற்றத்துக்குத் தனிப் பிரிவு இல்லை.

அவைக்குள் குண்டு விழுந்தபோது மூன்று நாளில் சட்டம் வந்தது. தெருவில் மக்கள் கொல்லப்பட்டதற்கான சட்டமோ, 1959-இல் ஒப்புக்கொண்ட பின்னரும் ஏட்டில் ஏறவில்லை. ஆண்டுதோறும் டிசம்பர் 9 வரும்போது, குளிர்காலக் கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் பெரும்பாலும் அவையில்தான் இருக்கிறார்கள்.