கைத்தறி ஜமக்காளமும் விசைத்தறி விரிப்பும்

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் அநேகம் குடும்பங்களுக்கு விசைத்தறியே அன்னமளிக்கிறது. ஆகவே யந்திரத்தைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஆயினும் வீட்டு விசேஷங்களில் விருந்தினரை அமர்த்தப் பவானிக் கைத்தறி ஜமக்காளத்தையே விரும்புவோர் இங்கும் உளர். காரணம் என்ன?

ஒரே மாதிரித் துணியை நீண்ட பாவில் நெய்தால்தான் விசைத்தறிக்கு லாபம். கைத்தறியிலோ, நெசவாளர் ஊடை நூலை மாற்றியவுடன் நிறம் மாறும். கேட்பவர் வேண்டும் அளவிலும் கரையிலும் ஒற்றை விரிப்பைக்கூட நெய்து தரலாம். பருமனான நூலை நெருக்கி அடிப்பதால் ஜமக்காளம் கனத்து, நெடுங்காலம் உழைக்கும்.

கைத்தறியாளரின் ஜீவனத்தைக் காக்க, 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஜமக்காளம் முதலிய சில ரகங்கள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. 1993-இல் சுப்ரீம் கோர்ட்டும் அச்சட்டத்தை ஒப்புக்கொண்டது. பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

எனினும் யந்திர விரிப்பைக் கைத்தறியென்று கூறி விற்போர் உண்டு. விலை சகாயமென்று நம்பி அதை வாங்குபவர், தாம் ஏமாறுவதுடன், நெசவாளியின் கூலியையும் அறியாமலே குறைக்கிறார். விசைத்தறிக்கும் இது நன்மையன்று. தன் சரக்கைத் தன் பெயரால் விற்கும் வியாபாரமே நிலைக்கும்.

ஆதலின் அங்கத்தினர்கள் ஜமக்காளம் வாங்குகையில், 2006 முதல் வழங்கிவரும் கைத்தறி முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ, 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் பண்டகசாலையிலோ வாங்கி, ரசீது பெறுதல் நலம். விசைத்தறித் துணி வேண்டுவோர் அதையே கேட்டு வாங்கலாம், அதில் குறைவொன்றுமில்லை. இன்னதென்று அறிந்து, அதற்குரிய விலை கொடுத்து வாங்குவதே கூட்டுறவாளருக்கு அழகு.