புல் வெட்டும் மெசினும் பக்கத்தில் நிற்பவரும்



கையில் பிடித்துப் புல் வெட்டும் மெசின் இன்று எமது மலைகளுக்குப் புதிய சாமான் அல்ல. 2015ஆம் ஆண்டில் கிளைபோசேட் என்ற களைநாசினி நாட்டில் தடை செய்யப்பட்டபோது, மருந்தும் இல்லை, புல் வெட்ட ஆளும் போதாது என்ற நிலையில் பல தோட்டங்களில் இந்த மெசின் இறங்கியது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. ஆனாலும் வந்த மெசின் திரும்பிப் போகவில்லை. அதைப் பழகிக் கொண்ட எமது தம்பிமார் சிலர் கொந்தராத்துக்காரரோடு வெளியூர்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள்.

அப்படிப் போன ஒரு இடம் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை. யுத்தம் காரணமாக 1990இல் அந்தப் பகுதிச் சனங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். காணிகள் பல உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு பகுதி பகுதியாகத்தான் அவை உரியவர்களிடம் திரும்பி வந்தன. இருபது, இருபத்தைந்து வருடம் ஆள் காலடி படாத வளவு எப்படி இருக்கும்? வேலி எது, கிணறு எது என்று தெரியாத பற்றைக்காடாக இருக்கும். வீடு கட்ட முதல் அதை வெட்ட வேண்டும்.

எமது தோட்டத்துத் தம்பி ஒருவரும் அவருடைய மச்சானும் அங்கே ஒரு வளவு வெட்டப் போனார்கள். தம்பி மெசின் பிடித்தார். கண்ணாடியும் சப்பாத்தும் போட்டிருந்தார். மச்சான் நாலைந்து எட்டுத் தள்ளி நின்று வெட்டிய பற்றையை இழுத்துப் போட்டுக் கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணாடி இல்லை. “வெட்டுறவனுக்குத்தானே கண்ணாடி” என்று கொந்தராத்துக்காரர் சொன்னாராம். புல்லுக்குள் கிடந்த பழைய முட்கம்பித் துண்டில் பிளேடு பட்டது. தெறித்த துண்டு மச்சானின் இடது கண்ணில் பாய்ந்தது. நாம் பார்க்கப் போனபோது, “வெளிச்சம் தெரியுதுங்க ஐயா, ஆள் தெரியல்ல” என்றார். இன்றும் அவருக்கு அப்படித்தான்.

ஆகவேதான் இதை எழுதுகிறோம். இந்த மெசினால் கால் வெட்டுப்படும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எறிகிற சாமான் பக்கத்தில் நிற்பவரைத் தாக்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஏன் அப்படித் தெறிக்கிறது?

பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சுற்றினால், அதன் ஓரம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் சிறு கல் பட்டாலும் அது துவக்குக் குண்டு மாதிரித்தான். தெல்லிப்பழை மண்ணில் சுண்ணாம்புக் கல் நிறைய. எமது மலையிலும் சல்லிக்கல்லுக்குக் குறைவில்லை. ஆகவே வெட்டுகிறவரைச் சுற்றி 15 மீற்றருக்குள், அதாவது 50 அடிக்குள், யாரும் நிற்கக் கூடாது. லயத்தில் வரிசையாக ஐந்து காம்பிராவின் அகலம் என்று வைத்துக் கொள்ளுங்கள். யாராவது கிட்ட வந்தால் மெசினை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். புல்லை அள்ளுவது மெசின் நின்ற பிறகு செய்யும் வேலை.

மெசினைத் தொடுவதற்கு முன்

முதலில் நிலத்தை நடந்து பாருங்கள். கல், கம்பி, போத்தல், பழைய கட்டை இருந்தால் எடுத்து விடுங்கள். எடுக்க முடியாததற்குப் பக்கத்தில் ஒரு தடியை நாட்டிச் சிவப்புத் துணி கட்டுங்கள். அந்த இடத்தைக் கைக்கத்தியால் வெட்டலாம்.

மலையில் இன்னொரு ஆபத்து குளவி. மெசின் சத்தமும் அதிர்வும் கூட்டைக் கலைத்து விடும். மரத்தையும் தேயிலைச் செடியின் அடியையும் பார்த்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள்.

வடக்கே போகிறவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. கட்டு இடிந்த கிணறு பற்றைக்குள் மறைந்திருக்கும். வளவுக்காரரைக் கூட்டிக் கொண்டு போய் அது எங்கே என்று கேளுங்கள். மிதிவெடி அகற்றிய காணிதானா என்பதையும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அறியாத இரும்புச் சாமான் கண்ணில் பட்டால் தொடவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம். வந்த வழியே திரும்பிப் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள்.

வெட்டும்போது

1. பிளேட்டுக்கு மேல் உள்ள மறைப்பைக் கழற்ற வேண்டாம். “புல் சிக்குது” என்று கழற்றுகிறார்கள். தெறிப்பதைத் தடுப்பதே அதுதான்.

2. நைலோன் நூல் போடும் இடத்தில் கம்பி கட்ட வேண்டாம். கம்பி அறுந்தால் அதுவே அம்பாகப் பாயும்.

3. தோள் பட்டியை மாட்டி, இரண்டு கையாலும் பிடியுங்கள். பிளேட்டை இடுப்புக்கு மேலே உயர்த்த வேண்டாம்.

4. பிளேட்டின் முன் வலது ஓரம் தடித்த கட்டையில் பட்டால் மெசின் ஒரே தள்ளாகத் தள்ளிவிடும். வலமிருந்து இடமாக வீசி வெட்டுங்கள்.

5. சரிவில் மேலும் கீழுமாக ஏறி இறங்காமல் குறுக்காக நடந்து வெட்டுங்கள். கீழ்ப்பக்கம் கொழுந்து எடுப்பவர்கள் இருந்தால் அங்கே வேலை செய்ய வேண்டாம்.

6. புல் சுற்றிக் கொண்டால் எஞ்சினை நிறுத்தி, பிளேடு முழுதாக நின்ற பிறகே கை வையுங்கள். கையை விட்டாலும் அது சிறிது நேரம் சுற்றும்.

7. சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்ற வேண்டாம். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் போய் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

கண்ணாடி, முழங்கால் வரை சப்பாத்து, காதுக்கு அடைப்பு மூன்றும் தேவை. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை நாளெல்லாம் கேட்டால் காது மந்தமாகும். இந்த மெசின் அதைவிடக் கூடுதலாகச் சத்தம் போடும். கை விரல் மரத்துப் போனால் வேலையை மாற்றித் தரக் கேளுங்கள்.

கண்ணில் பட்டு விட்டால்

கசக்க வேண்டாம். குத்தி நிற்பதைப் பிடுங்க வேண்டாம். தாய்ப்பால், பச்சிலை எதுவும் விட வேண்டாம். கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துக் கட்டி, உடனே கண் வைத்தியர் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். “நாளைக்குப் பார்ப்போம்” என்று லயத்தில் படுத்திருந்து கண்ணைக் கெடுத்துக் கொள்ள வேண்டாம்.

வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. கொந்தராத்து வேலை என்பதற்காக ஒன்றுமே கிடைக்காது என்று இருந்து விடாதீர்கள். விபத்து நடந்த திகதி, இடம், பார்த்தவர் பெயர், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, தாமதிக்காமல் எம்மிடம் கொண்டு வாருங்கள்.

தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் பிள்ளையை மெசின் ஓடும் மலைக்கு அனுப்பாதீர்கள். மெசின் பிடிக்கும் தம்பிமாரே, அடுத்த முறை கொந்தராத்துக்காரர் ஒரு கண்ணாடி தந்தால், “கூட வாறவனுக்கும் ஒன்று தாங்க” என்று கேளுங்கள். அது கிடைத்த பிறகு மெசினை எடுங்கள்.