கண்டற்காடும் இறாற்பண்ணையும்: மலைநாட்டிலிருந்து ஒரு கணக்கு

ஹேவாஹெட்ட மலைச்சரிவில் கண்டல் மரம் வளர்வதில்லை. ஆயினும் கண்டற்காட்டின் பொருளாதாரப் பெறுமதியை ஆராய்வோர் இவ்விடத்திலிருந்து தொடங்குதல் பொருத்தமேயாகும். பயிரிடப்படாத காட்டு நிலங்களை, மாறான சான்று காட்டப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொண்டது 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம். பின்னர் அக்காடுகள் கோப்பிக்காக அழிக்கப்பட்டன. கிராமத்தவர் பெற்ற விறகுக்கும் மேய்ச்சலுக்கும் சேனைக்கும் துரைமாரின் பேரேட்டில் இடமிருக்கவில்லை. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் சுமார் இருபது ஆண்டுகளுள் கோப்பியை வீழ்த்தியது. ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை முதலாளிகளுக்குக் கைகொடுத்தது.

வடமேற்குக் கரையில் 1980கள் முதல் நிகழ்ந்ததும் இதனையொத்ததே. புத்தளம், சிலாபம் களப்போரங்களில் கண்டற்காட்டின் ஒரு பகுதி இறாற்குளங்களாயிற்று. பண்ணைகள் பல ஒரே நீர்நிலையிலிருந்து நீரை எடுத்து, கழிவையும் அதனுள்ளேயே விட்டன. 1996இல் வந்த வெண்புள்ளி நோய் அவ்வழியே பரவிற்று. பண்ணைக்கான தாய் இறாலும் அக்காலத்தில் கடலிலிருந்தே பிடிக்கப்பட்டது. அதன் இளம்பருவம் கழிவதோ கண்டல் நிழல்படும் நீரில். தனக்கு விதை தரும் நிலத்தையே வெட்டிய தொழில் இது.

தென்கரையின் ரெக்காவ களப்பில் 42 ஹெக்டேயர்ப் பண்ணையொன்று முன்மொழியப்பட்டபோது அதன் பயனையும் செலவையும் குணவர்தன, ரோவன் ஆகிய ஆய்வாளர் மதிப்பிட்டு 2005இல் வெளியிட்டனர். முதலிடுவோரின் வரவுசெலவை மட்டும் நோக்கின், ஒரு ரூபாய் செலவுக்கு ஒன்றரை ரூபாய் பயன். பண்ணைக்கு வெளியே விளைவனவற்றைக் கணக்கிட்டபோதோ, ஒரு ரூபாய் பயனுக்கு ஆறு முதல் பதினொரு ரூபாய் வரை இழப்பு. மீன்வளம், கரைப்பாதுகாப்பு முதலியவற்றுக்குச் சந்தை விலையில்லாமையால் இத்தகைய மதிப்பீடு ஊகங்களின்றி அமையாது. ஆறுக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட அகலமே அதற்குச் சான்று. எனினும் இலாபம் ஒருவரிடமும் இழப்பு வேறொருவரிடமும் சேர்கின்றது என்பதில் ஐயமில்லை. அவ்வேறொருவர் களப்பில் வலைவீசி அன்றாடம் பிழைப்பவர். அவருக்கு மாற்றுத் தேயிலை எதுவுமில்லை.

பண்ணை கைவிடப்பட்ட பின்னரும் செலவு தீர்வதில்லை. கண்டல் மண்ணிலுள்ள கந்தகச் சேர்மங்கள் தோண்டப்பட்டுக் காற்றுப் பட்டதும் அமிலமாகின்றன. வரம்பை உடைத்து வற்றுப்பெருக்கை மீண்டும் உள்ளே வரவிடாமல் நாற்றை மட்டும் நட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அவ்வரம்பை உடைக்கும் கூலி முதலீட்டுத் திட்டங்களில் பொதுவாக முன்கூட்டி எழுதப்படுவதில்லை. பெரும்பாலும் பொதுப்பணத்திலிருந்தே அது கொடுக்கப்படுகின்றது.