பழைய பெயரும் செல்லும்

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உலகெங்கும் பயன்படும் மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எச். 1999 முதல் ஓபன்பிஎஸ்டி குழுவினர் வளர்த்துவருவது. எந்தச் சாவியை ஏற்பது, எதை மறுப்பது என்பதையெல்லாம் அதன் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கலாம். இந்த ஒரு தடவைக்குப் போதும் என்றால், கட்டளை வரியிலேயே '-ஓ' போட்டு விருப்பத்தின் பெயரையும் மதிப்பையும் தட்டலாம்.

2021 மார்ச்சில் வந்த 8.5 பதிப்பில் 'பப்கீஅக்செப்டட்கீடைப்ஸ்' என்ற விருப்பம் 'பப்கீஅக்செப்டட்அல்காரிதம்ஸ்' ஆனது. நியாயமான மாற்றம். ஒரே ஆர்எஸ்ஏ சாவியால் ஷா-1 வழியிலும் கையொப்பமிடலாம், ஷா-2 வழியிலும் இடலாம். அந்த விருப்பம் கட்டுப்படுத்தியது கையொப்ப முறையை. பெயரோ சாவி வகையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியானால், பழைய பெயரில் எழுதிய கோப்புகளின் கதி? தெரியாத பெயர் கண்ணில் பட்டால் சர்வர் நிரல் கிளம்பவே கிளம்பாது. எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் கணினிக்கு அது ஒன்றே வாசல் என்றால், புதுப்பித்த கையோடு நிர்வாகி வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதைத் தடுப்பது நிரலுக்குள் இருக்கும் ஓர் எளிய அட்டவணை. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் அதற்குரிய உள் எண். பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் நேரே ஒரே எண். பெயரைத் தேடி எண்ணை எடுத்த பிறகு, பயனர் எந்தப் பெயரைத் தட்டினார் என்ற கேள்வியே நிரலில் எழாது. இந்த எளிமையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பழைய பெயருக்குத் தனி மாறி ஒதுக்கிப் பின்னால் சேர்த்துக்கொள்ளப் பார்த்தால், இரண்டும் ஒன்றாக வரும்போது எது வெல்லும் என்று புது விதி எழுத வேண்டிவரும். இங்கே விதி ஒன்றுதான்: முதலில் கிடைத்த மதிப்பே நிற்கும். எஸ்எஸ்எச் கட்டளை வரியை முதலில் படிப்பதால், அங்கே பழைய பெயரில் தட்டியதுகூடக் கோப்பில் புதிய பெயரில் இருப்பதை வென்றுவிடும்.

வேலையே இல்லாமல் போன விருப்பங்கள் வேறு ரகம். 7.5 பதிப்பில் 'யூஸ்பிரிவிலேஜ்செபரேஷன்' அப்படி ஆனது. சர்வர் அதைப் படிக்கும், பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதும், தன்பாட்டுக்கு மேலே போகும்.

2021 செப்டம்பரில் வந்த 8.8 பதிப்பு, ஷா-1 வழி ஆர்எஸ்ஏ கையொப்பங்களை இயல்பாகவே முடக்கியது. பழைய சர்வர்களோடு பேசியாக வேண்டியவர்கள் அதைத் தாங்களே அமைப்புக் கோப்பில், மேலே சொன்ன பெயர் மாறிய விருப்பத்தைக் கொண்டு, திறந்துவிட வேண்டியிருந்தது. ஒரு கணினியில் 8.4, இன்னொன்றில் 8.8 என்று வைத்துக்கொண்டு ஒரே கோப்பை இரண்டிலும் பயன்படுத்துபவர் பழைய பெயரில் எழுதினால் போதும், இரண்டுமே ஏற்கும்.